டப்பாவில் கொஞ்சம் சிரிப்பு

"இன்னும் நாற்பத்திரண்டு நிமிஷம்" என்றார் கண்ணாடிக்காரர், மடியிலிருந்த நீலப் பெட்டியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு.

"தெரியும்" என்றாள் அக்கா.

முன்னால் போன லாரி மூச்சை விட்டுவிட்டு நின்றது. அதற்கு முன்னால் இன்னொரு லாரி. அக்கா நடுக்கண்ணாடியில் ஒரு பார்வை, பக்கக் கண்ணாடியில் ஒரு பார்வை, தோளுக்கு மேல் ஒரு பார்வை பார்த்தாள். பதினோரு வருடமாக ஊருக்கே சொல்லிக்கொடுத்த வரிசை அது, அவசரத்திலும் தப்பவில்லை. பிறகு காரைச் சடாரென்று சந்துக்குள் திருப்பினாள்.

பெட்டி சாய்ந்தது. கண்ணாடிக்காரரும் சாய்ந்தார்.

"பாத்து. குலுங்கக் கூடாதுன்னு மேலயே போட்டிருக்கு."

"ஒண்ணும் ஆகாது. காலையில அது வெளியில வந்தப்போ இதைவிட ஆட்டம்."

சந்தில் எதிரே வந்த வேன்காரர் கூரையிலிருந்த 'ஓட்டுநர் பயிற்சி' பலகையைப் பார்த்தார். பார்த்ததும் வண்டியைச் சுவரோரம் ஒட்டி நிறுத்திக்கொண்டார். அந்தப் பலகைக்கு அப்படி ஒரு மரியாதை. மெதுவாகப் போனால் ஊரே ஹாரன் அடிக்கும், வேகமாகப் போனால் ஊரே ஒதுங்கும்.

"ஆம்புலன்ஸுக்குக்கூட இப்படி வழி விட மாட்டாங்க" என்று அக்கா சிரித்தாள். அவள் சிரிப்பு எப்போதும் பேச்சுக்கு அரை நொடி முன்னாலேயே வந்துவிடும். அவளிடம் கார் கற்றவர்கள் பாதிப் பேர் அந்தச் சிரிப்புக்காகவே இரண்டாவது தடவை பரீட்சையில் தோற்றார்கள் என்று வீட்டில் ஒரு பேச்சு உண்டு.

பெட்டிக்குள் குளிர்ப் பைகளுக்கு நடுவே ஒரு வெள்ளை டப்பா. டப்பாவுக்குள் இருப்பதற்கு ஆஸ்பத்திரியில் 'கொடையாளர் மாதிரி' என்று பெயர். வீட்டில் அம்மா அதன் பெயரைச் சொல்லவே சம்மதிக்கவில்லை. ஆறு வாரமாக 'அது' என்றே ஓடிக்கொண்டிருக்கிறது. 'அது' அக்காவுடையது. ஏழு பத்துக்கு வெளியில் வந்தது, எட்டு நாற்பதுக்குள் ஆய்வகத்தில் இருக்க வேண்டும். அங்கே அதைக் கரைத்து, வடிகட்டி, மத்தியானம் மூன்று மணிக்கு ஒரு குழாய் வழியாக அக்காவின் தம்பி குடலுக்குள் விடப் போகிறார்கள்.

தம்பியை அக்கா 'வாத்தியாரே' என்றுதான் கூப்பிடுவாள். நிஜமாகவே கணக்கு வாத்தியார். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு கடைவாய்ப் பல்லில் சீழ். அதற்குக் கொடுத்த ஆன்டிபயாடிக் பல்லைக் காப்பாற்றிவிட்டுக் குடலைக் காலி செய்தது. நல்ல பாக்டீரியாக்கள் காலி செய்த வீட்டில் ஒரு முரட்டுக் கிருமி வந்து குடியேறியது. மருந்து கொடுத்தால் போகும், மூன்று வாரத்தில் திரும்பி வரும். இதுவரை ஆறு தடவை. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு முறை கழிவறை. கரும்பலகையில் எழுதிய கணக்கை முடிக்க முடியாமல் ஓடி ஓடி, கடைசியில் வேலையை விட்டான். வேலைக்குப் பின்னால் நண்பர்கள் போனார்கள். அப்புறம் ஜன்னல் திரையை விலக்குவதை விட்டான். அப்புறம் பேச்சையும். எழுபத்திரண்டு கிலோ இருந்தவன் இன்று நாற்பத்தொன்பது.

"வயிறு முதல்ல கெட்டுச்சா, மனசு முதல்ல கெட்டுச்சான்னு கேக்காதீங்க" என்று டாக்டரம்மா முதல் நாளே சொல்லியிருந்தார். "இப்போ ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு தீனி போட்டு வளத்துக்குது. நாம வயித்துப் பக்கத்துலேர்ந்து ஆரம்பிப்போம். அந்தப் பக்கம் கதவு திறக்கும்னு எனக்கு நம்பிக்கை இருக்கு."

கொடுப்பவர் யார் என்று கேட்டபோது அக்காதான் முதலில் கையைத் தூக்கினாள். ரத்தப் பரிசோதனை எல்லாவற்றிலும் தேறினாள். ஒரு படிவம் கொடுத்தார்கள். முப்பத்தொரு கேள்விகள். முப்பது கேள்விக்கு உண்மையான பதில் எழுதினாள்.

மிச்சமிருந்த ஒன்றுக்குப் பொய்.

சந்து முடிந்து பெரிய சாலை வந்தது. கண்ணாடிக்காரர் ஒரு கையைப் பெட்டியிலிருந்து எடுத்து, டாஷ்போர்டில் இருந்த சின்னத் தகர டப்பாவை நோக்கி நீட்டினார். பச்சை மூடி போட்ட புதினா மிட்டாய் டப்பா.

பட்டென்று அவர் கையில் ஒரு அடி விழுந்தது.

"அது என்னுது."

"ஒரு மிட்டாய்மா. வாய் வறளுது."

"தண்ணி இருக்கு, குடிங்க."

"கடைசித் துண்டு கேக்கைக்கூட அடுத்த வீட்டுக்காரிக்குக் கொடுக்கறவ, கட்டின புருஷனுக்கு ஒரு மிட்டாய் தர மாட்டேங்கற. எழுதி வைக்கறேன் இதையும்."

எழுதியும் வைப்பார். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற மனிதர், கால் புள்ளி கூடினாலும் குறைந்தாலும் தூக்கம் வராது. கொடுப்பவர் ஆறு வாரம் என்னென்ன சாப்பிடுகிறார் என்று ஆஸ்பத்திரி ஒரு குறிப்பேடு கேட்டது. அக்கா சாப்பிட்டாள், அவர் எழுதினார். அவள் மட்டும் தனியாகப் பயறும் கீரையும் தோலோடு ஆப்பிளும் தின்பதைப் பார்க்கப் பாவமாக இருந்ததால், தானும் அதையே சாப்பிட்டு, எதிர்ப் பக்கத்தில் தன் பெயருக்கும் ஒரு கணக்கு எழுதிக்கொண்டார்.

எட்டு முப்பத்தொன்றுக்கு ஆய்வகத்து ஜன்னலில் பெட்டி கை மாறியது.

உள்ளே இருந்த பெண் வெப்பமானியைப் பார்த்தாள், நேரத்தைப் பார்த்தாள், தலையாட்டினாள். ஒரு தாளை நீட்டினாள்.

"போன தடவை படிவம் நிரப்பினதுக்கப்புறம் ஏதாவது மாறியிருக்குங்களா? காய்ச்சல், வெளியூர்ப் பயணம், பச்சை குத்தினது, புது மருந்து?"

"புதுசா எதுவும் இல்ல" என்றாள் அக்கா.

அந்தப் பதிலில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. கையெழுத்துப் போட்டாள். பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது மட்டும் அது இரண்டு தடவை கை நழுவியது.

"டென்ஷன்" என்று சிரித்தாள். ஆய்வகத்துப் பெண்ணும் சிரித்தாள். அக்கா சிரித்தால் யாரும் கூடச் சிரித்துவிடுவார்கள்.

*

மூன்றாம் மாடி, ஜன்னலோரக் கட்டில். ஜன்னல் திரை திறந்திருந்தது.

அக்கா வாசலிலேயே நின்றுவிட்டாள். நர்ஸ் திறந்திருப்பாள் என்று நினைத்தாள்.

"நான்தான் திறந்தேன்" என்றான் வாத்தியார். "ராத்திரி முழுக்கக் குடலைக் கழுவற மருந்து குடிச்சேன். இப்போ உள்ள ஒண்ணுமே இல்ல. வாடகைக்கு விடற வீடு மாதிரி சுத்தமா இருக்கேன். வர்றவங்களுக்கு வெளிச்சம் வேணாமா?"

அக்கா மெதுவாக வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். அவன் வாயிலிருந்து இத்தனை வார்த்தை சேர்ந்தாற்போல் வந்து எத்தனை மாதம் ஆயிற்று என்று மனசு கணக்குப் போட்டது.

"என்னக்கா, பாத்துக்கிட்டே இருக்க?"

"இல்ல, ஜோக் மாதிரி ஒண்ணு சொன்னியே, அது ஜோக்தானான்னு யோசிக்கறேன்."

"உன் சரக்கு இன்னும் உள்ள போகவே இல்ல. அதுக்குள்ள வேலை செய்யுது பாரு."

மடியில் ஒரு குறிப்பேடு வைத்திருந்தான். கண்ணாடிக்காரரின் கையெழுத்து எறும்பு வரிசையாகப் போயிற்று.

"டாக்டரம்மா கொடுத்தாங்க. புதுசாக் குடிவர்றவங்க என்ன சாப்பிட்டுப் பழகினவங்கன்னு தெரிஞ்சுக்கணுமாம். இனிமே நானும் அதையேதான் போடணுமாம். இல்லன்னா பட்டினி கிடந்து ஓடிடுவாங்களாம்." பக்கத்தைப் புரட்டினான். "ரெண்டு வருஷமா வெறும் சாதமும் ரொட்டியும் தின்னுட்டு, இதைப் படிச்சாலே வயிறு பயப்படுது. 'பச்சைப் பயறு ஒரு கிண்ணம். வெங்காயம் அரை. வெங்காயத்துக்காக மனைவி முணுமுணுத்தாள்.' இதெல்லாம் எதுக்கு எழுதறார் அத்தான்?"

"அவரைக் கேளு. ஒரு நாள் தும்மினதைக்கூட எழுதியிருப்பார்."

"எழுதியிருக்கார். பதினெட்டாம் பக்கம். ரெண்டு தும்மல்."

இருவரும் சிரித்தார்கள். அக்கா சத்தமாக. அவன் மூக்கால் மட்டும். ஆனாலும் சிரிப்புதான்.

"இன்னொண்ணு" என்றான் அவன். "காலை ஆறு நாப்பதுக்குப் புதினா மிட்டாய் ஒண்ணு. தினமும் இருக்கு. ஆறு நாப்பது, ஒண்ணே ஒண்ணு. நாப்பத்தோரு நாள் மிட்டாய், ஒரே ஒரு நாள் இல்ல. அன்னைக்குப் பக்கத்துலயே 'கார் சர்வீஸில். டப்பா காரில்'னு அத்தான் காரணம் எழுதியிருக்கார். உலகத்துல யாருக்கா ஒரே ஒரு மிட்டாயோட நிறுத்துவாங்க? அதுவும் நீ?"

"வாய் நாத்தம்டா" என்றாள் அக்கா.

"அது சரி."

அவன் பக்கத்தைப் புரட்டிவிட்டான். அக்கா மூச்சு விட்டாள்.

கட்டிலருகே மேசையில் ஒரு மாத்திரை அட்டை பிரிக்கப்படாமல் கிடந்தது. போன மாதம் மனநல டாக்டர் எழுதிக்கொடுத்தது. அக்கா அதை ஒரு விரலால் அவன் பக்கம் தள்ளினாள்.

"இதையும் ஆரம்பிக்கலாம்ல. டாக்டரம்மாவே சொன்னாங்க, வயித்து வைத்தியத்தோட சேத்துப் போடலாம்னு."

"வேணாங்க்கா." குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. "போன வருஷமே சொன்னேன்ல. மாத்திரை போட்டு வர்ற சிரிப்பு எனக்கு வேணாம். அது யாரோ சிரிக்கறது. நான் இதுக்கு ஏன் ஒத்துக்கிட்டேன் தெரியுமா?"

"அம்மா அழுதாங்கன்னு."

"அம்மா அழறது புதுசா. நீ கொடுக்கறேன்னு சொன்னதால. டாக்டரம்மாகிட்ட நான் ஒண்ணு கேட்டேன். சோகத்துல இருக்கற மனுஷங்களோட குடல் கிருமியை எலிக்கு மாத்திப் பாத்திருக்காங்களாம், எங்கயோ படிச்சேன். நிஜமான்னு கேட்டேன். நிஜம்னாங்க. எலிக்குச் சர்க்கரைத் தண்ணின்னா உசுரு. அதைக்கூடச் சரியாக் குடிக்காம ஒதுங்கிப் போச்சாம்."

அக்காவின் கை அவன் போர்வை மேல் அசையாமல் நின்றது.

"அப்போ சந்தோஷமும் அந்த வழியில வரலாம்லன்னு கேட்டேன். எலிக்கு நடந்தது மனுஷனுக்கு நடக்கும்னு யாரும் எழுதித்தர முடியாது, வயித்துக் கிருமி போகும், அது மட்டும்தான் என் பேச்சுன்னாங்க. சரின்னேன். ஆனா மனசுக்குள்ள ஒரு ஓரமா..." அவன் தன் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "உன்னோடது எப்படிப்பட்ட சிரிப்பு. சின்ன வயசுலேர்ந்து பாக்கறேன். எதையும் போட்டு வர்றது இல்ல, தானா வருது. அதுல கொஞ்சம், ஒரு டப்பா அளவு, எனக்கு வந்தாப் போதும்க்கா."

அக்கா எழுந்தாள்.

"எங்க போற?"

"கார் சாவி... காரைப் பூட்டினேனான்னு தெரியல. வந்துடறேன்."

"பூட்டாத கார்ல உன்னை நான் பாத்ததே இல்லையே" என்றான் பின்னாலிருந்து. அவள் திரும்பவில்லை.

*

மணி ஒன்றரை. சாப்பாட்டுப் பொட்டலத்தோடு காரைத் தேடிவந்த கண்ணாடிக்காரர், கதவருகே நின்றுவிட்டார்.

அக்கா காருக்குள் இருந்தாள். ஆனால் ஓட்டுகிற இருக்கையில் இல்லை. பக்கத்து இருக்கையில், பயிற்சியின்போது அவள் உட்காருகிற இடத்தில் இருந்தாள். அந்தப் பக்கத்துக்கென்று தனியாக ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்கிறவர் தப்பு செய்தால் சொல்லிக்கொடுப்பவர் அழுத்துவதற்கு. என்ஜின் ஓடவில்லை, சாவியும் போடவில்லை. அவள் கால் அந்த இரண்டாவது பிரேக்கை முழுசாக அழுத்திக்கொண்டிருந்தது.

அவர் எதிர்ப்பக்கக் கதவைத் திறந்து, ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்தார். கல்யாணமாகி ஒன்பது வருடம். இந்த இருக்கையில் ஒரு தடவைகூட உட்கார்ந்ததில்லை. ஊருக்கெல்லாம் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள் புருஷனுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை என்று சொந்தக்காரர்கள் கேலி செய்வார்கள். 'அவர் கத்துக்கிட்டா என்னை யாரு தேடுவா' என்று சிரிப்பாள்.

"சாப்பிடறியா?"

அக்கா முன்கண்ணாடிக்கு அப்பால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இனிமே டைரி எழுத வேண்டாம்ல. இன்னைக்கு வெங்காயம் இல்லாம வாங்கினேன்."

"ஏங்க" என்றாள் அக்கா. "ஒரு கேள்வி ஏன் கேக்கறாங்கன்னு புரியாமலே அதுக்குப் பொய் சொன்னா, அது எவ்வளவு பெரிய தப்பு?"

அவர் பொட்டலத்தைப் பின்சீட்டில் வைத்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எந்தக் கேள்வி?"

"நான் நினைச்சேன், அவங்களுக்கு வயிறுதானே வேணும்னு. வயித்துல எனக்கு ஒரு குறையும் இல்ல. மத்ததெல்லாம் அவங்களுக்கு எதுக்கு, கழிச்சுக்கட்டறதுக்கு ஒரு சாக்குன்னு நினைச்சேன். நான் இல்லன்னா அவனுக்கு வேற யாரு? அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி. எழுதினா என்னை வேணாம்னுடுவாங்க. எழுதலன்னா அவன் பொழைப்பான். அவ்வளவுதான் கணக்கு." அவள் பச்சை மூடி டப்பாவைப் பார்த்தாள். "இப்போ அவன் ஒரு எலிக் கதை சொன்னான்."

"எலியா?"

"மணி என்ன?"

"ஒண்ணு நாப்பது."

"மூணு மணிக்கு வச்சிருக்காங்க." டாஷ்போர்டிலிருந்த அந்த டப்பாவை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். "டாக்டரம்மாவைப் பாக்கணும். நீங்க வாங்க. ஆனா வெளியில இருங்க."

"என்கிட்ட சொல்ல மாட்டியா?"

அக்கா அவரைப் பார்த்தாள். அந்த முகத்தில் சிரிப்பு வராத ஒரு நிமிடத்தை அவர் முதல்தடவையாகப் பார்த்தார். கால் புள்ளி வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கிற கண், ஒன்பது வருடமாக இதைப் பார்க்கவில்லையே என்று அவருக்குச் சுருக்கென்றது.

"முதல்ல அவன்கிட்ட சொல்லணும். அவன்கிட்டதான் கடன்பட்டிருக்கேன். அப்புறம் உங்ககிட்ட. கோச்சுக்காதீங்க."

அவர் குனிந்து, பிரேக்கை அழுத்திக்கொண்டிருந்த அவள் காலின் முட்டியில் கையை வைத்தார்.

"காலை எடு. வண்டி ஓடல."

*

டாக்டரம்மாவின் அறைக்குக் கண்ணாடிக் கதவு. சத்தம் வெளியே வராது, உருவம் தெரியும்.

கண்ணாடிக்காரர் எதிர்ச் சுவரோரம் நின்று பார்த்தார். அக்கா பேசினாள். டாக்டரம்மா எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்தார். அக்கா பச்சை மூடி டப்பாவை மேசை மேல் வைத்தாள். மிட்டாயை எதற்கு டாக்டருக்குக் காட்டுகிறாள் என்று அவருக்குப் புரியவில்லை. டாக்டரம்மா அதைத் திறந்து பார்த்தார். போனை எடுத்து இரண்டே வார்த்தை பேசினார். பிறகு எழுந்து வந்து அக்காவுக்குப் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். திட்டுகிறவர்கள் அப்படி உட்காருவதில்லை.

அக்கா அழுதாளா என்று தெரியவில்லை. முதுகு மட்டும்தான் தெரிந்தது.

பதினைந்து நிமிடம் கழித்துக் கதவு திறந்தது. டாக்டரம்மா வெளியே வந்தார்.

"மூணு மணி வேலை இன்னைக்கு இல்லைங்க. கொண்டுவந்ததை நிறுத்தி வைக்கச் சொல்லிட்டேன்."

கண்ணாடிக்காரர் சுவரை விட்டு ஒரு அடி முன்னால் வந்தார். "அவன் தாங்குவானா, டாக்டர்?"

"உடம்பைச் சொல்றீங்களா? பழைய மருந்தையே திரும்ப ஆரம்பிப்பேன். ஒரு மாசம் தாக்குப்பிடிக்கும். அதுக்குள்ள வேற கொடையாளர் வேணும்." அவர் நிறுத்தினார். "மனசைச் சொன்னீங்கன்னா, அது இப்போ உங்க வீட்டம்மா கையில இருக்கு."

"அவ என்ன தப்பு பண்ணினா?"

"ஒரு தப்பு பண்ணினாங்க. நேரத்துக்கு வந்து சொல்லிட்டாங்க. இந்த வேலையில எனக்கு அது போதும்." கிளம்பியவர் திரும்பினார். "அந்தக் குறிப்பேடு நீங்க எழுதினதுதானே? ரெண்டு பக்கமும்?"

"ஆமா. எதிர்ப்பக்கம் சும்மா... நான் சாப்பிட்டது."

"ஆறு வாரமும் அவங்க சாப்பிட்டதையே சாப்பிட்டீங்களா?"

"வெங்காயம் உட்பட."

டாக்டரம்மா அவரைத் தலையிலிருந்து கால்வரை ஒரு தடவை பார்த்தார். காய்கறிக் கடையில் முற்றலா பிஞ்சா என்று பார்க்கிற பார்வை.

"நாளைக்குக் காலையில வெறும் வயித்துல வாங்க. ரத்தம் எடுக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

*

இரண்டு முப்பத்தைந்துக்கு அக்கா மூன்றாம் மாடிக்கு வந்தாள். படியேறி வந்தாள். லிஃப்ட் சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.

வாத்தியார் அறுவைச் சட்டை மாட்டித் தயாராக உட்கார்ந்திருந்தான். நாடா பின்பக்கம் கைக்கு எட்டாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

"இதைக் கட்டிவிடு. நர்ஸ் இப்போ வந்து, டாக்டரம்மா பேசுவாங்க, கொஞ்சம் இருங்கன்னு சொல்லிட்டுப் போச்சு. என்ன விஷயம்? டப்பா கவுந்துடுச்சா?"

அக்கா நாடாவைக் கட்டினாள். முதுகெலும்பு ஒவ்வொன்றாக விரலில் தட்டுப்பட்டது.

"கவுத்துட்டேன்" என்றாள். "நான்தான்."

"என்ன சொல்ற?"

"இன்னைக்கு இல்லடா. என்னோடது உனக்கு வேணாம். நானே போய் நிறுத்தச் சொல்லிட்டேன்."

அவன் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தான். திறந்திருந்த ஜன்னலைப் பார்த்தான். அவன் தோள் மெல்லக் கீழே இறங்குவதை அக்கா கண்ணெதிரே கண்டாள். இரண்டு வருடமாகப் பார்த்த இறக்கம். இந்த நிமிடத்துக்குத்தான் எலிக் கதையைக் கேட்டதிலிருந்து பயந்தாள்.

"ஏன்?" என்றான். "பயமா? அருவருப்பா?"

"ரெண்டும் இல்ல."

"புத்துநோயா?"

"இல்ல."

"எய்ட்ஸா?"

"போடா."

"அப்போ சொல்லு. கணக்குல விடை மட்டும் எழுதினா மார்க் கிடையாது. வழியை எழுது."

அக்கா உட்கார இடம் பார்த்தாள். அவன் காலை மடக்கி இடம் விட்டான். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, புதிதாக ஓட்ட வருகிறவர்களுக்குச் சொல்வதுபோல ஒவ்வொரு படியாகச் சொன்னாள்.

"நாலு வருஷம் முன்னாடி. ஒரு பொண்ணு கார் கத்துக்க வந்துது. ரெண்டாவது நாள். நல்லாத்தான் ஓட்டுச்சு, ஒரு தப்பும் பண்ணல. பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி ரோடு காலியா இருந்துது. நான் என் பக்கத்து பிரேக்கை அழுத்தினேன். எதுக்குன்னு தெரியல. அழுத்தின காலை எடுக்க முடியல."

"சுளுக்கா?"

"கால்ல ஒண்ணும் இல்ல. எடுக்கணும்னு தோணல. அதுக்குமேல எங்கயும் போகணும்னு தோணல. நாப்பது நிமிஷம் அப்படியே உக்காந்திருந்தேன். அந்தப் பொண்ணு பயந்து அழுதுது. நான் அழக்கூட இல்ல. அப்புறம் அதுவே என்னை ஒரு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போச்சு, நடந்தே. வீட்ல யாருக்கும் தெரியாது. உன் அத்தானுக்கும் தெரியாது."

வாசலில் கண்ணாடிக்காரர் நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று யாரும் பார்க்கவில்லை. இப்போது அக்கா பார்த்தாள். பேச்சை நிறுத்தவில்லை.

"சொல்லியிருப்பேன். இந்தத் தொழில்ல இருக்கறவ அப்படின்னு தெரிஞ்சா யாரு பக்கத்துல உக்காந்து ஸ்டியரிங் பிடிப்பா? அப்புறம் நீ படுத்துட்ட. வீட்ல ஒருத்தர்தான் படுக்கலாம்னு நினைச்சேன். ஒரு நாள் சொல்லவும் வந்தேன், உன்கிட்ட. வாசல் வரைக்கும் வந்துட்டேன். அன்னைக்குத்தான் நீ அந்த வார்த்தையைச் சொன்ன. யாரோ சிரிக்கற சிரிப்புன்னு."

அவன் மேசையிலிருந்த பிரிக்காத அட்டையைப் பார்த்தான். பிறகு மடியிலிருந்த குறிப்பேட்டை.

"ஆறு நாப்பது" என்றான் மெதுவாக.

அக்கா பச்சை மூடி டப்பாவைத் திறந்து போர்வை மேல் கவிழ்த்தாள். மேலே இருந்தவை முதலில் உருண்டன, நாலு புதினா மிட்டாய். அவற்றுக்குப் பின்னால் இன்னும் சின்னதாக, இன்னும் வெள்ளையாக, வாசனையே இல்லாத வேறு சில.

"என்னோடது உனக்கு ஒட்டும்னும் யாருக்கும் தெரியாதாம், ஒட்டாதுன்னும் யாருக்கும் தெரியாதாம். அதனாலதான் படிவத்துல அதைக் கேக்கறாங்களாம். தெரியாத ஒண்ணை உனக்குள்ள விட எனக்கு மனசு வரல."

வாத்தியார் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்தான். எடையே இல்லை. அட்டையில் இருப்பதோடு ஒப்பிட்டுப் பார்த்தான். அளவு ஒன்று, நிறம் ஒன்று, நடுவில் போகிற கோடும் ஒன்று.

"அக்கா" என்றான். குரல் உடைந்தது. "இது என்னோட மாத்திரை."

"என்னோடதும்தான்டா" என்றாள் அக்கா. "மனச்சோர்வுக்கு. நாலு வருஷமா. ஒரு டப்பா கேட்டியே, அந்தச் சிரிப்பு இதையும் போட்டுக்கிட்டுத்தான் வருது. ஆனா சிரிக்கறது நான்தான்."